தோற்றவனைத் தூக்கிச் செல்கிறாள்

இறக்கை விரித்த ஒரு பெண். மார்பில் கவசம், நடையில் வேகம். அவள் தோளில் ஓர் இளைஞன் சரிந்து கிடக்கிறான். ஒரு கை வானை நோக்கி நீண்டிருக்கிறது, மறு கையில் பாதியில் முறிந்த வாள். இரண்டு உடல்களின் பாரத்தையும் தரையைத் தொடும் ஒரே பாதம் தாங்குகிறது. சிலை என் மேசை மீது இருக்கிறது, அரை மீட்டர் உயரம்கூட இல்லை. ஆனாலும் அறைக்குள் நுழையும்போதெல்லாம் அவள் இப்போதுதான் எழும்பப்போகிறாள் என்று எனக்குத் தோன்றிவிடுகிறது. பெயர் ‘க்ளோரியா விக்டிஸ்’, அதாவது தோற்றவர்களுக்குப் புகழ். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வெண்கலங்களில் இதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்து வளர்ந்த கண்ணோடுதான் இதைச் சொல்கிறேன்.

இதைச் செய்தவர் அந்தோனின் மெர்சியே. 1845இல் துலூஸ் நகரத்தில் பிறந்தவர். 1868இல் ரோம் பரிசு வாங்கி, ரோமில் வில்லா மெடிச்சியில் தங்கிச் சிற்பம் பழகிக்கொண்டிருந்தார். அப்போது 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. வெற்றி வரும் என்ற நம்பிக்கையில் மெர்சியே ஒரு குழுச்சிலையைத் தொடங்கினார்: புகழ்த்தேவதை வென்ற வீரனைத் தூக்கி வருகிறாள். செப்டம்பரில் செதான் நகரில் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே சிறைப்பட்டார். பாரிசு மாதக்கணக்கில் முற்றுகையில் பட்டினி கிடந்தது. ஜனவரியில் எல்லாம் முடிந்தது. செய்தி ரோமுக்கு வந்ததும் மெர்சியே வென்ற வீரனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செத்தவனை வைத்தார். தேவதையை மாற்றவில்லை. வெற்றியைக் கொண்டாட எழுந்த அதே இறக்கைகள்தான் இப்போது தோல்வியைச் சுமக்கின்றன. எனக்கு இந்தச் சிலை மேல் பித்துப் பிடித்ததே இந்த ஒரு முடிவால்தான். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து!

மெர்சியேவைப் போலவே ரோம் பரிசு பெற்ற ஓவியர் ஹென்றி ரெஞ்ஞோ 1871 ஜனவரி 19 அன்று ப்யூசன்வால் சண்டையில் குண்டடிபட்டு இறந்தார். அவருக்கு வயது 27. சிலையில் சரிந்து கிடக்கும் இளைஞனின் மூடிய இமைகளைப் பார்க்கிறபோது ரெஞ்ஞோவை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. 1874இல் பாரிசுக் கலைக்காட்சியில் இந்தச் சிலையின் சுதைமாதிரி வைக்கப்பட்டது. மெர்சியேவுக்கு மிக உயர்ந்த பதக்கம் கொடுத்தார்கள். பாரிசு நகராட்சி வாங்கி, தியெபோ வார்ப்பகத்தில் வெண்கலத்தில் வார்க்கச் செய்தது. மூன்று மீட்டருக்கு மேல் உயரமான அந்த முதல் வார்ப்பு இன்று பெத்தி பலே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போர்தோ, நியோர் போன்ற ஊர்கள் போரில் மாண்ட தங்கள் பிள்ளைகளுக்கு நினைவுச்சின்னமாக இதே சிலையை வார்த்து நிறுத்திக்கொண்டன.

உருவகச் சிலைகள் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. தராசு ஏந்தினால் நீதி, சுத்தியல் ஏந்தினால் உழைப்பு, எக்காளம் ஊதினால் புகழ், இது பொம்மை வைத்துப் பாடம் நடத்துகிற வேலை என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காளியின் கையிலிருக்கும் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் பொருள் தெரிந்த நமக்கா உருவகம் புரியாது? சிற்பி பர்ரியாஸ் 1899இல் செய்த ‘அறிவியலின் முன் திரை விலக்கும் இயற்கை’ என்ற சிலையை ஓர்சே அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள். வண்ணக் கற்களில் செய்த சிலை அது, மார்பில் மலக்கைட் கல்லில் ஒரு வண்டு. ஒரு கருத்துக்கு உடம்பும் மூச்சும் கொடுக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மெர்சியேயின் சிலையிலும் இப்படி நுணுக்கங்கள் உண்டு. தேவதையின் காலடியில் ஓர் ஆந்தை இருக்கிறது, பக்கத்தில் ஒரு வாகைக் கிளை. பெரிய சிலையில் நிமிர்ந்தே பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணுக்கு அவை எளிதில் படுவதில்லை. மேசைச் சிலையில் அவை நம் முகத்துக்கு நேரே இருக்கின்றன. சிறிய உருவத்தில் கிடைக்கிற தனிச் சுகம் இது.

இவ்வளவு பெரிய சிலை மேசைக்கு வந்து சேர்ந்ததற்கு இரண்டு பேரைக் கும்பிட வேண்டும். ஒருவர் அஷில் கோலா. 1830களில் அவர் ஓர் இயந்திரம் கண்டுபிடித்தார். அதன் ஒரு முனையில் உள்ள ஊசி மூலச்சிலையின் மேடு பள்ளங்களைத் தடவிச் செல்லும். மறுமுனையில் உள்ள வெட்டூசி அதே அசைவைச் சிறிய அளவில் சுதையில் செதுக்கும். இன்னொருவர் ஃபெர்தினான் பார்பெதியென். சுவரில் ஒட்டுகிற காகிதம் விற்றுக்கொண்டிருந்தவர். இருவரும் 1838இல் கூட்டுச் சேர்ந்தார்கள். அருங்காட்சியகத்துச் சிலைகள் சாதாரணக் குடும்பங்களின் கணப்பு மாடத்துக்கு வந்தது அப்போதுதான். 1870 போரில் பார்பெதியென் வார்ப்பகம் அரசாங்கத்துக்குப் பீரங்கி வார்த்துக் கொடுத்தது. பீரங்கி ஊற்றிய அதே பட்டறை, போர் தோற்ற பிறகு, தோற்றவனின் சிலையைப் பல அளவுகளில் ஊற்றியது. இதை முதன்முதலில் தெரிந்துகொண்ட அன்று இரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

பார்பெதியெனின் வார்ப்பகம் லான்க்ரி தெருவிலும், கடை புவாசோனியேர் பெருஞ்சாலையிலும் இருந்தன. லா ஷப்பெல்லில் நம் ஆட்கள் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கிற கடைத்தெருவிலிருந்து லான்க்ரி தெருவுக்கு நடந்தே போய்விடலாம். பாரிசில் இருக்கிற தமிழர்களே, ஒருமுறை காய்கறிப் பையோடு அப்படியே அந்தப் பக்கம் நடந்து பாருங்கள்! பட்டறை இன்று இல்லை. ஆனால் உலகத்தின் பல நாட்டு வரவேற்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்த வெண்கலங்கள் இந்தத் தெருவிலிருந்துதான் பெட்டி கட்டிப் போயின.

சுவாமிமலையில் மெழுகில் உரு செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றுவதை நம்மில் பலர் நேரில் பார்த்திருப்போம். அங்கே தெய்வ உருவம் பெரும்பாலும் கெட்டி வார்ப்பு, ஒன்றுக்கு ஒரே அச்சு. பார்பெதியென் பட்டறையில் வேறு வழி. முதலில் ஒரு தலைமாதிரியை வெண்கலத்திலேயே கச்சிதமாகச் செய்து வைத்துக்கொள்வார்கள். அது தனித்தனித் துண்டுகளாகப் பிரியும்: இறக்கை தனி, கை தனி, உடல் தனி. பாரிசை ஒட்டிய ஃபோன்தனே-ஓ-ரோஸ் ஊரின் நைசான களிமணலை இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கி, அதில் துண்டுகளின் அச்செடுத்து, நடுவே மணலால் உள்கரு வைத்து உலோகம் ஊற்றுவார்கள். ஆகவே சிலை உள்ளே பொள்ளலாக இருக்கும். பிறகு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி ஆணியடித்துப் பொருத்தி, பொருத்தின இடம் தெரியாமல் உளியால் செதுக்குவார்கள். அந்தச் செதுக்குக்காரனின் கைதான் சிலையின் உயிர். கவசத்தின் விளிம்பிலும் இறகுகளின் நரம்பிலும் தலைமுடியிலும் ஒரு கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மெல்லிய உளிக்கோடுகள் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக ஓடும். துணி மடிப்புக்கு ஒரு பொளி, சதைக்கு இன்னொரு பொளி. சதைமேல் கோடே தெரியாமல் தேய்த்திருப்பார்கள். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு தொழிலாளியின் பொறுமை அப்படியே விரல்நுனிக்கு எட்டுகிறது. அவன் பெயர் எங்கும் இல்லை. கைமட்டும் இருக்கிறது.

சிலையை மதிப்பிடுவது என்றால் விலை சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது சிலையைத் தலைகீழாகக் கவிழ்க்கிற சந்தோஷம்! மெத்தென்ற துணியை விரித்து, சிலையை மெல்லச் சாய்த்து, பீடத்தின் அடியில் விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும். முகம் பொய் சொல்லும், அடிப்பக்கம் சொல்லாது. பழைய மணல் வார்ப்பின் உட்புறம் சொரசொரப்பாக, மங்கிய பழுப்பில் இருக்கும், மூலைகளில் அந்தக் காலத்து மண்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். திருகுகள் கையால் வெட்டியவையாக, சதுர நட்டுகளோடு இருந்தால் மனம் துள்ளும். உள்ளே கறுப்புப் பெயின்ட் ஒரே சீராக அடித்திருந்தாலும், கூட்டல்குறி வெட்டின திருகாணி மின்னினாலும் கேள்வி கேளுங்கள். அந்த வகைத் திருகாணி புழக்கத்துக்கு வந்ததே 1930களில்தான். பிற்காலத்தில் யாரேனும் பழுது பார்த்தபோது மாற்றியிருக்கலாம் என்பதும் உண்மை. அதனால் ஒரே ஒரு தடயத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், எல்லாத் தடயங்களும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

உலோகச் சுவரின் தடிமனையும் தொட்டுப் பாருங்கள். கனமாக இருந்தால் அசல் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் நல்ல வார்ப்பகத்தின் பெருமை மெல்லிய, எங்கும் சமமான சுவரில் இருக்கிறது. மலிவான பிற்கால வார்ப்புதான் பெரும்பாலும் தடித்துக் கனத்துப் போயிருக்கும்.

அடுத்து எழுத்துகள். பீடத்தின் முன்னால் சிலையின் பெயர், ஓரத்தில் சிற்பியின் பெயர், பின்பக்கம் ‘எஃப். பார்பெதியென், வார்ப்பவர்’ என்ற பொறிப்பு. சில சிலைகளில் கோலாவின் உருவமும் ‘இயந்திரக் குறைப்பு’ என்ற வாசகமும் கொண்ட சிறு வட்ட முத்திரையும் பதிந்திருக்கும். கோலா 1859இல் இறந்துவிட்டார், சிலையோ 1874இல்தான் காட்சிக்கு வந்தது. சிலை பிறப்பதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே செத்தவரின் முத்திரை எப்படி இதில் என்று சந்தேகப்பட்டு ஒதுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். பயப்படவே வேண்டாம். அது அவருடைய முறைக்கு உரிய முத்திரை, அவர் போன பிறகும் வார்ப்பகம் அதைத் தொடர்ந்து குத்தியது. இந்த ஒரு விவரம் தெரிந்த நாளில் எனக்குள் பொங்கிய மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! பெயரைப் பார்ப்பதைவிட எழுத்தின் விளிம்பைப் பார்ப்பது முக்கியம். அசல் வார்ப்பில் எழுத்து கூர்மையாக நிற்கும். நகலின் நகலில் அது முனை மழுங்கி, ஈரத்தில் கரைந்ததுபோல் தெரியும்.

நகலின் நகல் என்றேனே, அதுதான் இந்தத் துறையின் பெரிய வலை. யாரோ ஒருவர் அசல் வெண்கலச் சிலையின் மேலேயே அச்செடுத்து மறுபடி வார்த்துவிடுவார். பெயர், முத்திரை, எல்லாமே அதில் பதிந்து வரும். ஆனால் உருகிய வெண்கலம் ஆறும்போது சுருங்கும், நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு என்ற கணக்கில். அரை மீட்டர் சிலை என்றால் ஏழெட்டு மில்லிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் வரை குட்டையாகிவிடும். அதனால் அளவுநாடா இல்லாமல் நான் கிளம்புவதே இல்லை. மொத்த உயரத்தை மட்டும் அளந்தால் போதாது. இறக்கை பொருத்திய கோணம் கொஞ்சம் மாறினாலே உயரம் மாறும். பீடத்தின் அகலம், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை, ஒரு காதிலிருந்து மறு காது வரை என்று அசையாத இடங்களை அளந்து, அருங்காட்சியகங்களும் ஏலப் பட்டியல்களும் தரும் அசல் அளவுகளோடு ஒப்பிட வேண்டும். பிரான்சில் 1981 முதல் இப்படி வார்க்கிற நகல்களில் ‘மறுபதிப்பு’ என்று அழியாமல் பொறிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த எழுத்து இருந்த இடத்தை யாராவது அரத்தால் ராவியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

விற்பவர் “இது வரையறுக்கப்பட்ட பதிப்பு, எட்டில் மூன்றாவது” என்று சொன்னால் உடனே மயங்கிவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு வார்ப்பகங்கள் அப்படி எண்ணிக்கை போட்டு வார்ப்பதில்லை. வாங்க ஆள் இருக்கிற வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். பழைய பார்பெதியென் சிலைகளின் உட்புறம் மையால் எழுதிய எண்கள் தென்படும், அவை பட்டறையின் சொந்தக் கணக்கு.

வெண்கலம்தானா என்ற கேள்வி இன்னும் பாக்கி. சேன்-துவான் பழம்பொருள் சந்தையில் இறக்கை விரித்த தேவதைகள் குவிந்து கிடப்பார்கள். அவர்களில் பலர் துத்தநாக வார்ப்பு, மேலே வெண்கல நிறம் ஏற்றியது. பிரான்சில் ‘ரேகுல்’ என்பார்கள். அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் ஒரு பழைய கீறல் இருந்தால் அதுவே சாட்சி: வெண்கலம் என்றால் பொன்மஞ்சள், துத்தநாகம் என்றால் வெள்ளிச் சாம்பல். நீங்களாகக் கீறாதீர்கள், அடுத்தவர் பொருளை ஒருநாளும் கீறாதீர்கள். விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் வெண்கலம் மணியோசை எழுப்பும், துத்தநாகம் மொத்தென்று அடங்கிவிடும். துத்தநாகச் சிலை விழுந்தால் கற்கண்டு உடைந்தாற்போல் பொருபொருவென்று முறியும், வெண்கலம் பெரும்பாலும் வளைந்து கொடுக்கும். காந்தத்தை எடுத்துக்கொண்டு திரிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெண்கலத்திலும் காந்தம் ஒட்டாது, துத்தநாகத்திலும் ஒட்டாது. இரும்பைப் பிடிக்க மட்டுமே அது உதவும். பிசினில் வெண்கலத் தூள் கலந்து அச்சில் ஊற்றியவையும் உண்டு. கையில் எடுத்ததுமே அதன் லேசான கனமும் குளிர்ச்சியின்மையும் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, நான் மணிக்கணக்கில் பேசக்கூடிய ஒன்றுக்கு வருகிறேன். வெண்கலத்தின் நிறம்! வார்த்து முடிந்த புதுச்சிலை செம்பொன் நிறத்தில் பளிச்சென்றிருக்கும். அதைச் சூடாக்கி, உலோக உப்புக்கரைசல்களைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு, அடுக்கடுக்காக நிறம் ஏற்றுவது தனிக் கலை. கந்தகச் சேர்மம் பழுப்பையும் கறுப்பையும் தரும், இரும்பின் நைட்ரேட் செம்பழுப்பைத் தரும், செம்பின் நைட்ரேட் பச்சையைத் தரும். அதற்குமேல் மெழுகு. இந்தத் தோலுக்குப் ‘பாட்டினா’ என்று பெயர். என் சிலையில் அது கருப்பட்டிப் பழுப்பு. வெளிச்சம் படும் முழங்காலிலும் நெற்றியிலும் மட்டும் உள்ளிருக்கும் பொன்நிறம் லேசாக எட்டிப் பார்க்கிறது. நூறு ஆண்டுகளாக எத்தனையோ கைகளும் தூசித்துணிகளும் உரசி உரசிக் கொண்டுவந்த பொன் அது. எந்தப் பட்டறையாலும் அதை ஒரே நாளில் செய்துவிட முடியாது. மெர்சியேயின் சிலையில் கவசத்துக்கும் இறக்கைக்கும் பொன்முலாம் பூசிய வார்ப்புகளும் உண்டு. அவை கண்ணைப் பறிக்கும். எனக்கென்னவோ ஒற்றைப் பழுப்புதான் பிடிக்கிறது. துக்கத்துக்கு முலாம் எதற்கு?

புதுச்சேரியிலிருந்து அத்தை வந்திருந்தபோது சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். “அழகாத்தான் இருக்கா. ஆனா ஏம்ப்பா இப்படிக் கறுத்துக் கெடக்கு? ஒரு எலுமிச்சங்காய் அளவு புளியக் கரைச்சுத் தேய்ச்சா விளக்கு மாதிரி ஆயிடுமே” என்றார். “ஐயோ அத்தே, கிட்டவே கொண்டு போயிடாதீங்க! அந்தக் கறுப்புக்குத்தான் இவ்வளவு விலையே” என்று நான் குறுக்கே நின்றுகொண்டேன். அத்தை நம்பவில்லை. பிறகு கைவிளக்கைக் கொடுத்து இறகுகளைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “தேய்ச்சா இந்தக் கோடெல்லாம் போயிடும், இல்ல?” என்று அவரே கேட்டார். இதைவிடத் தெளிவாக எந்த நிபுணரும் சொல்லிவிட முடியாது. பூசைக் குத்துவிளக்குக்குப் புளி சரி. நிறம் ஏற்றிய வெண்கலத்துக்குப் புளி, எலுமிச்சை, சாம்பல், டப்பாவில் விற்கிற பித்தளைப் பாலிஷ் எதுவுமே ஆகாது. அமிலமும் அம்மோனியாவும் தோலை உரித்துவிடும், அரைக்கும் தூள் உளிக்கோட்டைத் தின்றுவிடும். உரிந்த பாட்டினாவை ஒருவர் மறுபடி ஏற்றலாம், ஆனால் அது வேறு சிலை. ஏலக்கூடங்களில் பளபளவென்று தேய்த்து வைத்த சிலையைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும், விலையும் அடிபட்டுப்போகும்.

அப்படியானால் என்ன செய்வது? மிகக் குறைவாகச் செய்வது! மிருதுவான இயற்கைமயிர்த் தூரிகையால் தூசி தட்டுங்கள். இறகு இடுக்குகளுக்குத் துணியைவிடத் தூரிகைதான் நல்லது, துணியின் நூல் சிக்கி வாள்முனையையோ விரலையோ இழுத்துவிடும். எண்ணெய்ப்பிசுக்கு இருந்தால் வாலை வடிநீரில் ஓரிரு துளி மென்மையான சோப்புத் திரவம் விட்டு, பஞ்சை நனைத்துப் பிழிந்து துடைத்து, வெறும் வடிநீரால் மறுபடி துடைத்து, உடனே ஒத்தி உலர்த்துங்கள். சிலையைத் தண்ணீரில் முக்கவே கூடாது, உள்ளே பொருத்துகளில் ஈரம் தங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை நுண்படிக மெழுகை மிக மெல்லிதாகத் தடவி, சற்று நேரம் விட்டு, பருத்தித் துணியால் மெருகேற்றலாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1950களில் உருவாக்கப்பட்ட ரெனைசான்ஸ் மெழுகு இதற்குப் பேர்போனது. அந்த மெருகேற்றும் மாலைப்பொழுது இருக்கிறதே, அது எனக்குத் திருவிழா. துணி நகர நகர இளைஞனின் விலா எலும்பு ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து எழுந்து வரும்.

வெண்கலத்துக்கு எதிரி ஈரமும் உப்பும். பாரிசு வீட்டில் இது பெரிய கவலை இல்லை. புதுச்சேரி, சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் வெண்கலம் வைத்திருப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. சிலையில் பச்சை படிந்திருந்தால் முதலில் அது எந்தப் பச்சை என்று பாருங்கள். கருமையாக, கெட்டியாக ஒட்டிக்கிடக்கும் பச்சை பெரும்பாலும் அடங்கிப்போனது, அதனால் கேடில்லை. வெளிறிய பச்சையில் மாவுபோல் பொட்டுப் பொட்டாகக் கிளம்பி, பல்குத்தியால் தொட்டால் உதிர்ந்து, அடியில் குழி தெரிந்தால் அது வெண்கல நோய். உலோகத்துக்குள் புகுந்த குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உள்ளே அரித்துக்கொண்டே போகும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு மேல் ஏற ஏற அதன் வேலை சூடுபிடிக்கும். சிலையைத் தனியே, காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, பாதுகாப்பு வேதியியல் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வீட்டு வைத்தியம் வேண்டாம். இந்தத் துறையில் நமக்குப் பெருமைப்பட நிறைய இருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதிப் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கி, அரிக்கப்பட்ட வெண்கலத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் மீட்டெடுத்தார் எஸ். பரமசிவன்.

தூக்குவதற்கும் முறை உண்டு. இறக்கையைப் பிடித்தோ, நீட்டிய கையைப் பிடித்தோ தூக்கவே கூடாது. அவை தனியாக வார்த்துப் பொருத்தியவை, அந்தப் பொருத்தில்தான் முதலில் விரிசல் விடும். ஒரு கை பீடத்தின் அடியில், மறு கை உடலின் நடுப்பகுதியில். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வியர்வையின் உப்பு விரல்ரேகையை அப்படியே உலோகத்தில் பொறித்துவிடும். பீடம் சலவைக்கல்லாக இருந்தால் அதன் பக்கம் எலுமிச்சையோ வினிகரோ வரவே வேண்டாம், மெருகு போய் வெளுத்துவிடும். சமையலறையை ஒட்டியோ வெயில் விழும் ஜன்னலருகிலோ வைக்காதீர்கள்.

வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பெரிய நகலைவிடச் சிறிய அசல் ஆயிரம் மடங்கு மேல். வார்ப்பின் கூர்மை, உளிவேலை, தொடப்படாத பாட்டினா, வார்ப்பகத்தின் பெயர், அளவு, கைமாறி வந்த ரசீதுகள், இந்த வரிசையில் நான் பார்ப்பேன். வியாபாரிகள் அளவைத்தான் முதலில் வைப்பார்கள், வைக்கட்டும். வாள் முறிந்திருக்கிறதே என்று விலை குறைத்துக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். மெர்சியே அதை முறிந்ததாகத்தான் செய்தார்! ஆனால் விரல் முறிந்திருக்கிறதா, இறக்கை நுனி ஒட்டவைத்ததா என்பதைக் கட்டாயம் பாருங்கள். பாரிசில் 1852 முதல் நடக்கும் த்ரூவோ ஏலக்கூடத்தில் விற்பனைக்கு முன்பே பொருள்களைக் காட்சிக்கு வைப்பார்கள். கேட்டால் கையில் எடுத்துப் பார்க்கவும் விடுவார்கள். வாங்காவிட்டாலும் போங்கள். ஒரே கூடத்தில் நல்லதும் போலியும் அடுத்தடுத்து நிற்கும், கண் பழக அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது. ஏலம் கேட்கும்போது சுத்தியல் விலைக்கு மேல் கூடத்தின் கமிஷன் உண்டு என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், அது கால்பங்கைத் தொட்டுவிடும். உங்களிடம் ஏற்கெனவே ஒரு சிலை இருந்தால், பிரான்சின் பல ஏலக்கூடங்கள் இலவசமாகவே மதிப்பிட்டுச் சொல்கின்றன. முத்திரை, அடிப்பக்கம், நாலு பக்கம் என்று தெளிவான படங்களும் அளவுகளும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காப்பீட்டுக்கும் அவையே ஆதாரம்.

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக் காலத்து வீடுகளில் வளர்ந்தவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பரணிலோ பழைய அலமாரியிலோ தாத்தா காலத்துக் கறுத்த சிலை ஏதாவது இருந்தால், பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடும் முன், புளியைக் கரைக்கும் முன், ஒரு துணியை விரித்துத் தலைகீழாகக் கவிழ்த்து விளக்கடித்துப் பாருங்கள். பாரிசுக்கு வருகிறவர்கள் பெத்தி பலேவுக்குக் கட்டாயம் போங்கள். மெர்சியேயின் மூலச்சிலையைச் சுற்றி வந்து, பின்பக்கம் நின்று அந்த இறக்கைகளை நிமிர்ந்து பாருங்கள். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை விடுமுறை.